சப்பாத்துத் தட்டில் இருந்த கயிறு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறியதில்லை. சகுனமும் தவறியதில்லை. வெளிக்கிடுகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. படியிறங்கியவரைப் பின்னால் கூப்பிடக் கூடாது. மறந்ததை எடுக்க ஒருவர் திரும்பி வந்தால், கொஞ்ச நேரம் இருந்து தண்ணி குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். இதெல்லாம் பைபிளில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "வாயை மூடிக்கொண்டு சாப்பிடு" என்றா.

அதில் நான் ஏற்கெனவே சூடு பட்டவள். அம்மாவின் தம்பியான மாமா அப்போது, பிரெஞ்சு பேசுகிற கார்ட்டியர்வில்லில் எங்களோடு இருந்தார். மேல்மாடி வீடு, வெளிப்பக்கமாக இரும்புப் படி. ஒரு மாரிக்காலக் காலையில் அவர் சாப்பாட்டுப் பெட்டியை விட்டுவிட்டுப் போக, நான் "மாமா!" என்று கத்தினேன். அவர் திரும்பினார், படியில் ஐஸ், ஏழு படி வழுக்கிக்கொண்டு போய் அடியில் இருந்தார். ஐஸ் பார்த்த வேலைக்கு என் தொண்டை பழி சுமந்தது. முதுகில் விழுந்த அடி இன்னும் நினைவிருக்கிறது.

எனக்கு ஒன்பது வயதான அந்த இலையுதிர் காலத்தில் மாமாவுக்கு மான் வேட்டைப் பைத்தியம் பிடித்தது. பேக்கரியில் கூட வேலை செய்த பிரெஞ்சுக்கார நண்பர் பிடித்துவிட்ட பைத்தியம். சும்மா வேட்டை இல்லை. இடுப்பிலும் தொடையிலும் அகலமான பட்டி ஒன்றைக் கட்டி, அதைக் கயிற்றால் மரத்தோடு பூட்டி, ஊஞ்சலில் இருக்கிற மாதிரி உயரத்தில் தொங்கிக்கொண்டு வில்லோடு காத்திருக்கிற வேட்டை. அந்தப் பட்டிக்கு 'சாடில்' என்று பெயராம். அம்மா அதைக் 'கோவணம்' என்றுதான் சொல்லுவா. "தம்பி, உன்ரை கோவணம் கொடியிலை காயுது, எடு" என்று அவ சத்தம்போட, கீழ்வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்து ஆட்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

வீட்டின் பின்பக்கத்து மேப்பிள் மரத்தில் மாமா பழகினார். ஏணித்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தண்டில் கட்டுவார், ஏறுவார், தொங்குவார். தொங்கிக்கொண்டே நண்பர் சொல்லிக் கொடுத்ததைச் செபம் மாதிரி ஒப்புவிப்பார். நிலத்தில் இருந்து கால் எடுத்தால், திரும்ப நிலத்தில் கால் வைக்கும்வரை உடம்பில் ஒரு கயிறு மரத்தோடு பூட்டியிருக்க வேண்டும். வில்லையும் பையையும் தூக்கிக்கொண்டு ஏறவோ இறங்கவோ கூடாது. நூலில் கட்டி மேலே இழுக்க வேண்டும், இறங்க முதல் கீழே விட வேண்டும். ஏணித்துண்டு காலை வாரினால் இறங்குவதற்கென்று தனியாக ஒரு நீளக் கயிறு, பச்சை நிறம். கடைசியாக, எந்த மரத்தில் இருக்கிறோம், எத்தனை மணிக்கு வருவோம் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கடைசியில்தான் வில்லங்கம். மாமா சொல்ல வாயெடுக்கும்போதே அம்மா இரண்டு காதையும் பொத்தினா. "போற இடத்தைச் சொல்லாதையடா. சொன்னால் போற காரியம் பிழைக்கும்."

அதனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமா ஒரு கடதாசியை மடித்து என் பென்சில் பெட்டிக்குள் வைத்தார். "நாளைக்குப் பகல் ஒரு மணிக்கு நான் வீட்டிலை இல்லாட்டி, இதை அம்மாட்டைக் குடு, பிள்ளை. அதுக்கு முதல் காட்டாதை." எனக்குத் தலை சுற்றியது. போகிற இடத்தைச் சொல்வது கூடாதென்றால் இந்தக் கடதாசி என்ன? சொல்லத்தான் வேண்டுமென்றால் அம்மா ஏன் காதைப் பொத்துகிறா? இரண்டு பேருமே பெரியவர்கள், இரண்டு பேருமே சரி என்றால் எப்படி?

விடியக்காலை மாமா கிளம்பும் சத்தத்தில் எழும்பி வந்தேன். அம்மா தேத்தண்ணி கொடுத்தா. மாமா சிலுவை போட்டுக்கொண்டு படியிறங்கினார். கதவு இன்னும் திறந்திருந்தது. அப்போதுதான் கண்டேன். வாசலடிச் சப்பாத்துத் தட்டில், என் மழைச் சப்பாத்துக்குப் பக்கத்தில், சுருட்டி வைத்த பச்சைக் கயிறு.

கூப்பிட வாய் திறந்தேன். ஏழு படியும் ஞாபகம் வந்தது, முதுகும் ஞாபகம் வந்தது. வாயை மூடினேன். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவ சப்பாத்துத் தட்டுப் பக்கம் பார்த்தபடி நின்றா, நித்திரைக் கலக்கம் என்று நினைத்தேன். கீழே கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அப்பாவுக்குச் சனிக்கிழமையும் வேலை. அம்மா வராத மானுக்கு மிளகாய்த்தூள் வறுத்துக்கொண்டிருந்தா. ஒரு மணி ஆனது. மாமா வரவில்லை. கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். கொடுத்தால் அவர் வரவில்லை என்பது உண்மையாகிவிடும், கொடுக்காவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடலாம். கொடுத்தால் கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்டும் ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்டால்? பேசியிருந்தால் மட்டும் அடிக்காமல் விட்டிருப்பாவா? மாமா செத்துப்போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது, அடி விழும் என்றும் பயமாக இருந்தது, எது கூடின பயம் என்று எனக்கே தெரியவில்லை. வெளியே வந்து கடதாசியை நீட்டும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது.

அம்மா சத்தம் போடவில்லை. அடுப்பை நிற்பாட்டினா. மாமாவின் போனுக்கு அடித்தா, அடித்துக்கொண்டே இருந்தா. அவர் எடுக்கவில்லை. பிறகு கடதாசியில் இருந்த நண்பரின் நம்பருக்கு அடித்து, வேலைத்தளத்தில் பொறுக்கிய பிரெஞ்சில் வாசித்தா: லஷூட் பக்கத்துக் காணி, ஓடை, இரண்டு வெள்ளைப் பேர்ச் மரம், அதற்குப் பின்னால் மூன்றாவது மேப்பிள். கடைசியில் குரல் உடைந்து, "இல் ஆ பா த கோர்ட்" என்றா. அவனிடம் கயிறு இல்லை என்று அர்த்தம்.

நான் திகைத்துப்போய் நின்றேன். கயிற்றைப் பற்றி நான் மூச்சே விடவில்லையே!

காணி நண்பரின் தகப்பனுடையது. அவர் ஏணியோடு போய்ப் பார்த்தபோது மாமா தொங்கிக்கொண்டிருந்தாராம். பதினொரு மணிக்கு இறங்கத் தொடங்கி, இரண்டாவது ஏணித்துண்டில் கால் வைக்க அது கழன்று விழுந்திருக்கிறது. மரத்தோடு பூட்டிய கயிறு அவரைப் பிடித்துக்கொண்டது. ஆனால் கணுக்கால் மரத்தில் அடிபட்டு வீங்கிவிட்டது, அடுத்த துண்டுக்குக் கால் எட்டவில்லை. வில்லும் பையும் ஒழுங்காக முதலே கீழே போய்விட்டன. போன் பைக்குள். அம்மா அடித்த ஒவ்வொரு அடியும் காலுக்குக் கீழே கேட்டுக்கொண்டிருந்ததாம். தொங்கினது நாலு மணித்தியாலத்துக்கு மேல்.

இருட்டுப்பட முதல் அந்தக் கிழவரே மாமாவைக் கொண்டுவந்து விட்டார். அம்மா அவருக்கு "மெர்சி, மெர்சி" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, அகப்பையோடு திரும்பினா.

"கோவணத்தைக் கட்டிக்கொண்டு குரங்கு மாதிரித் தொங்கப் போனியோ? உனக்கு ஏதும் நடந்தால் நான் அம்மாவுக்கு என்ன மறுமொழி சொல்லுவன்? கயிறை விட்டிட்டுப் போறவனுக்கு மான் ஒரு கேடோ? மூளை எண்டு ஒண்டு இருக்கோ உனக்கு?"

பேச்சென்றால் அப்படிப் பேச்சு. அகப்பை இரண்டு தரம் மாமாவின் தோளில் பட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு வீங்கின காலைப் பார்த்தார்.

"காரிலை ஏறேக்கையே ஞாபகம் வந்ததக்கா" என்றார் மெதுவாக. "திரும்பி வந்தால் நீ இருத்தித் தண்ணி குடிக்க வைப்பாய். நேரம் போயிடும், உனக்கும் மனம் சரியில்லாமல் போயிடும் எண்டு விட்டிட்டன்."

அம்மா நின்றா. அகப்பையை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனா. தண்ணிக் குழாய் திறந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன், கழுவுவதற்கு ஒரு கோப்பைகூட இல்லை. மானுக்கு வறுத்த தூளில் சமைத்த கோழிக்கறியை அன்றைக்கு யாரும் இரண்டாந்தரம் கேட்கவில்லை.

அம்மாவும் அந்தக் கயிற்றைக் கண்டவ என்பதை அவ வாயால் கேட்க எனக்குப் பல வருடம் எடுத்தது. லைசன்ஸ் எடுத்து நான் முதன்முதலாகத் தனியாகக் காரில் கிளம்பிய நாளில்தான் சொன்னா. "நீயும் கண்டனி எண்டு எனக்குத் தெரியும், பிள்ளை. நீ வாயைத் திறந்து மூடினதைப் பாத்தனான்."

அன்றைக்கு ஒன்பது வயதில் எனக்கு இதில் ஒரு மண்ணும் விளங்கவில்லை. மாமாவின் கால் சுகமாகி, அவர் மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய சனிக்கிழமை, நான் யன்னலடியில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். அவர் தெருவுக்குப் போய்விட்டார். அப்போது அம்மா வீட்டுச் சட்டையோடு, வெறுங்காலோடு இரும்புப் படியின் பாதிவரை ஓடினா. அந்தத் தெருவே எழும்புகிற மாதிரி, அவரின் முதுகைப் பார்த்துக் கத்தினா.

"டேய் தம்பி! நில்லடா! எங்கை போறாய்? கயிறு எடுத்தியோ?"

மாமா திரும்பிப் பச்சைக் கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "லஷூட்டுக்கு, அக்கா! ஓடைக்கு அங்காலை, மூண்டாவது மேப்பிள்! ஒரு மணிக்கு வாறன்!"

பின்னால் கூப்பிட்டாயிற்று. எங்கே என்றும் கேட்டாயிற்று. அம்மாவுக்கு மாமாவில் கோபம் இன்னும் ஆறவில்லை, அதுதான் வேண்டுமென்றே சகுனத்தைக் கெடுக்கிறா என்று நினைத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நான் அழத் தொடங்கினேன்.