நிலத்தோடு ஒட்டிய சிவப்புப் பிக்கப்

மொன்றியல் தீவிலும் சரி, பாலம் கடந்து இந்தப் பக்கத்திலும் சரி, வண்டியைத் தாழ்த்திப் பதிப்பதில் என்னை வெல்ல ஆள் இல்லை. எழுபதுகளில் செய்த அமெரிக்கப் பிக்கப் ஒன்றை, ஒன்பது வயதிலேயே, நிலத்தோடு நிலமாக இறக்கிக் காட்டியவன் நான்.

பொய். இறக்கியது சித்தப்பா. நான் ரோச் லைற் பிடித்தேன். அதையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. அவர் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு "இஞ்சை அடியடா" என்று கத்துவார். நான் சரியாக அவருடைய கண்ணுக்குள் அடிப்பேன். பள்ளிக்கூடத்திலும் எனக்கு இதே வியாதிதான். வெளிச்சம் விழவேண்டிய இடத்தில் ஒருநாளும் விழுந்ததில்லை. அதனால்தான் இன்றைக்கு ரயர் மாற்றும் கடையில் வேலை செய்கிறேன்.

அப்போதும் நாங்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம், லொங்குய்யில், இதே பங்களாவில்தான் இருந்தோம். பங்களா என்றதும் தூண் வைத்த மாளிகையை நினைக்கவேண்டாம். இந்த நாட்டில் ஒரு தட்டு வீட்டுக்கு வைத்த பெயர் அது. கராஜ் வீட்டுக்குக் கீழே, நிலவறையோடு ஒட்டியிருந்தது. ரோட்டிலிருந்து செங்குத்தான ஒரு சரிவில் இறங்கித்தான் அதற்குள் போகவேண்டும். பனிக்காலத்தில் அந்தச் சரிவில் வழுக்கி விழாமல் எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி கிடையாது.

நிலவறையில் குடியிருந்தவர் அப்பாவின் தம்பியான சித்தப்பா. வீடுகளுக்கு வெளியே வளைந்து வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டுகளை ஒட்டுகிற பட்டறையில் அவருக்கு வேலை. வெட்டவும் ஒட்டவும் தெரிந்த மனிதன் கையில் ஒரு கராஜும் கிடைத்தால் என்ன ஆகும்? ஓர் இலையுதிர் காலத்தில், கறள் பிடித்த அந்தப் பிக்கப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சரிவில் இறக்கிவிட்டார். பழைய பிக்கப்பை வாங்கி, வயிறு ரோட்டைத் தடவுகிற அளவுக்குப் பதித்து, பளபளவென்று பெயின்ற் அடித்து, கோடையில் ஆமை வேகத்தில் ஊர்வலம் போவது இங்கே ஒரு கூட்டத்துக்கு விசர். அந்த விசர் சித்தப்பாவுக்கும் தொற்றியிருந்தது.

அப்பா டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். வேலையால் வந்து கராஜை எட்டிப் பார்த்தார்.

"நல்லா நிண்ட வண்டியை ஏன்ரா இருத்தப்போறாய்? அதுக்கென்ன கால் உளைவோ?"

"அண்ணை, இது ஸ்ரைல்."

"குனிஞ்சு குனிஞ்சு பெட்டி தூக்கி எனக்கு நாரி விட்டுப்போச்சு. இனி உன்ரை வண்டியில ஏறவும் குனிய வேணுமோ?"

சித்தப்பா கேட்கவில்லை. முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்குகளைக் கிரைண்டரால் வெட்டிக் குட்டையாக்கினார். பின்னால் ஸ்பிரிங் பட்டைகளுக்குக் கீழே கிடந்த, சக்கரங்களை இணைக்கும் அக்சிலைத் தூக்கி அவற்றுக்கு மேலே வைத்தார். அக்சில் போய் வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் முட்டியது. சேஸியையே பிறை வடிவில் வெட்டி இடம் விட்டு, தடித்த தகடு வைத்து ஒட்டினார். எவ்வளவு பதிந்தது என்று பார்க்க முதலில் என் செருப்பைச் செருகினார். செருப்பு போகாத அளவுக்கு வந்ததும், அம்மாவின் தோசை திருப்புகிற தட்டகப்பையை எடுத்துவரச் சொன்னார். எடுத்துக்கொடுத்தது நான். அன்றைய தோசையில் கிறீஸ் மணத்ததாக அப்பா முறைப்பட்டார். சித்தப்பாவும் நானும் வானொலியில் காலநிலையைக் கவனமாகக் கேட்டோம்.

பெயின்ற் விஷயத்திலும் அம்மாவின் உடைமைதான் போனது. குங்குமச் சிமிழைக் கொண்டுபோய்க் கடைக்காரனிடம் திறந்து காட்டி, "இந்தச் சிவப்பு" என்று கலந்து வாங்கிவந்தார் சித்தப்பா. மார்ச் முடியும்போது கராஜுக்குள் நின்றது வண்டி அல்ல, ஒரு பெரிய பொட்டு. அப்பாவே கையைத் துடைத்துக்கொண்டுதான் அதைத் தொட்டுப் பார்த்தார்.

அம்மா மட்டும் பார்க்கவில்லை. அவருக்கு வேறு கவலை. வீட்டிலேயே ஒரு கார்டரி, அதாவது பிள்ளைகள் பராமரிக்கும் இடம், தொடங்க அவர் விண்ணப்பித்திருந்தார். பனிக்காலம் முழுவதும் அடுப்படியில் நின்று பிரெஞ்சு வாக்கியங்களைப் பாடமாக்கினார். வெங்காயம் வெட்டிக்கொண்டே, "உங்கள் பிள்ளை இன்று நன்றாகத் தூங்கியது" என்று பிரெஞ்சில் எங்கள் சட்டிக்குச் சொல்லுவார். சித்தப்பாவை மேலே என் அறைக்கு மாற்றி, நிலவறைத் தரையில் கிடந்த காப்பெற்றைக் கிழித்துச் சுருட்டி, சுவருக்கு மஞ்சள் அடித்தாயிற்று. பார்வையிட ஒரு பெண் அதிகாரி திங்கட்கிழமை வருவதாக இருந்தது. பக்கத்துக் கராஜுக்குள் பெற்றோல் தாங்கியோடு ஒரு வண்டி நின்றால் அனுமதி கிடையாது. ஒன்று பிக்கப், இல்லையென்றால் கார்டரி.

"அதுக்கென்ன அண்ணி, சனிக்கிழமை வெளியில எடுத்துவிடுறன்" என்று சித்தப்பா சொன்னார்.

சனிக்கிழமை எடுத்தார். சரிவின் அடியில் வண்டியின் மூக்கு "நங்" என்று முட்டியது.

ஒரு பனிக்காலம் முழுவதும் ஓர் ஆம்பிளையும் ஓர் அரை ஆம்பிளையும் அந்த வண்டிக்கு அடியில் கிடந்திருக்கிறோம். வருகிறவன் போகிறவன் எல்லாம் அந்தச் சரிவில் விழுந்து எழும்பியிருக்கிறான். பதித்த வண்டி அதில் எப்படி ஏறும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சித்தப்பா பலகைகளை அடுக்கி மூக்கைத் தூக்கிப் பார்த்தார். மூக்கு ஏறியது. நடுவழியில் பலகை முறிந்து, வண்டி அடைக்கோழி மாதிரி வயிற்றை விரித்துக் குந்திக்கொண்டது. திரும்ப உயர்த்தலாம் என்றால் வெட்டிய சேஸியை ஒரே இரவில் வளர்க்க முடியாது. பாடுபட்டுக் கீழே உருட்டிவிட்டார்கள்.

அம்மா படியில் நின்று பார்த்தார்.

"தம்பி, நாளைக்கு மத்தியானம் பழைய இரும்புக்காரனை வரச்சொல்லியிருக்கிறன். வெட்டித் துண்டு துண்டாய்க் கொண்டுபோவான். அதுக்குள்ள வெளியில எடுத்தா உங்கட வண்டி. எடுக்காட்டி அவன்ரை இரும்பு."

"அண்ணி…"

"நான் இந்தக் கார்டரியை விடமாட்டன் தம்பி. நீங்கள் கோவிச்சாலும் பரவாயில்லை."

சித்தப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. இடியப்பமும் சொதியும் இருந்தும் சாப்பிடவில்லை. விஷயம் அவ்வளவு பாரதூரம்.

ஞாயிறு காலை யன்னலைத் திறந்தால் உலகம் வெள்ளை. ஏப்ரல் மாதத்தில், எல்லோரும் பனிச் சப்பாத்தை மாற்றிய பிறகு, முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டிக் கிடந்தது. தேவாலயப் பூசைச் சாமான்களின் பெயரைச் சொல்லித் திட்டுவது இந்த மாகாணத்து வழக்கம். பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார ஐயா, நாங்கள் கூப்பிடுகிறபடி மிசியே, வானத்தைப் பார்த்து ஒரு முழுப் பூசையையும் நடத்தி முடித்தார்.

சரிவைத் துப்புரவாக்கச் சொல்லி அம்மா என்னிடம் பனி அள்ளும் சவளைத் தந்தார். நான் சவளை நட்டுவைத்துவிட்டு என் பிளாஸ்ரிக் சறுக்குத் தட்டை எடுத்தேன். வேறு நாட்களில் அந்தச் சரிவில் சறுக்கினால் அடியில் தட்டின் மூக்கு சீமெந்தில் குத்தி, நான் வேறு, தட்டு வேறாகப் பறப்போம். அன்றைக்குக் குத்தவில்லை. பனி அடியில் குவிந்து மூலையை நிரப்பியிருந்ததால், தட்டு வழுவழுவென்று கராஜுக்குள் போய், பிக்கப்புக்கு முன்னால் தலையில் கைவைத்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் காலடியில் நின்றது.

சித்தப்பா என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார்.

"அண்ணை! ஓடியாங்கோ!"

இந்த யோசனை என்னுடையது என்று இன்றுவரை சொல்லித் திரிகிறேன். வேலைக்குக் கள்ளமடித்த பெடியன் சறுக்கி விளையாடினான் என்பது சித்தப்பாவின் கட்சி.

சக்கரம் போகும் இரண்டு தடங்களிலும் பனியைக் குவித்து மிதித்து இறுக்கவேண்டும். அடியில் நிரப்பினால் மூக்கு முட்டாது. உச்சியில் உயர்த்தினால் வயிறு உரசாது. அதற்கு எங்கள் பனி காணாது. அவ்வளவு நாளும் பகிடி பண்ணிய அப்பாதான் முதலில் வேலியடிக்குப் போனார்.

"பொன்ஜூர், மிசியே. உங்கட பனியை எங்களுக்குத் தருவீங்களோ?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

இருபது பனிக்காலம் பனி அள்ளிய மனிதனிடம் ஒருவரும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். எங்களுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றே அவர் நினைத்தார். பிறகு வந்து கராஜுக்குள் எட்டிப் பார்த்தார். அந்தச் சிவப்பைக் கண்டதும் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி நீளமாக விசிலடித்தார். அடுத்த நிமிடம் பனி வீசும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, தன் வளவுப் பனி முழுவதையும் எங்கள் சரிவுக்குள் பீய்ச்சினார். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஊரே பனியை வெளியில் தள்ள, ஒரு குடும்பம் மட்டும் வீட்டுக்குள் அள்ளிப் போட்டது.

நாங்கள் மிதித்தோம். அப்பா சப்பாத்தோடு குதித்தார், நாரிப் பிடிப்பை மறந்துபோனார். சக்கரம் வழுக்காமல் இருக்கக் கிழித்த காப்பெற்றை மேலே விரித்தோம். சித்தப்பா ஏறி இருந்து ஸ்ராட் பண்ணினார். மூக்கு முட்டவில்லை! ஆனால் உச்சியில் "கர்ர்" என்று வயிறு உரசியது. பின்னால் விட்டு அவர் இறங்கினார். இறங்கியதும் வண்டி பெருமூச்சு விட்டு ஒரு விரல் அளவு உயர்ந்தது.

எல்லோரும் சித்தப்பாவின் வயிற்றைப் பார்த்தோம். பிறகு அப்பாவின் வயிற்றைப் பார்த்தோம். மிசியே தன்னுடையதைத் தானே பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்த நேரம் இரும்புக்காரனின் லொறி வந்து ரோட்டோரம் நின்றது.

அம்மா படியில் நின்றார்.

"என்னை ஏன் எல்லாரும் பாக்கிறியள்?"

"அண்ணி, உங்களிட்டத்தான் லைசன்ஸும் இருக்கு, உடம்பும் இல்லை."

அம்மா லைசன்ஸ் எடுத்து அதிக காலமாகவில்லை. அந்த அட்டை கைப்பையிலேயே கிடந்தது. வீட்டில் இருந்த ஒரே காரை அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார்.

"நான் ஓட்டினா கார்டரிக்கு வழி கிடைக்கும்தானே?"

"ஓம் அண்ணி. ஒண்டே ஒண்டு. நடுவில காலை எடுத்திடாதேங்கோ."

வீட்டுச் சட்டைக்கு மேலே அப்பாவின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு அம்மா ஏறி இருந்தார். ஸ்ரேறிங்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. நாங்கள் பின்னால் தோள் கொடுத்தோம். "தள்ளுங்கோ!" என்று அப்பா கத்த, மிசியே பிரெஞ்சில் கத்த, நான் எல்லா மொழியிலும் கத்தினேன். சக்கரம் சுற்றியது, காப்பெற் பறந்தது, என் வாய் நிறையப் பனி. மூக்கு வானத்தைப் பார்த்தது. உச்சி வந்தது. "கர்ர்" வருமென்று காதைப் பொத்தினேன். வரவில்லை. ஒரு விரல் இடைவெளியில் அந்தப் பெரிய பொட்டு மேலே ஏறி ரோட்டில் நின்று மினுங்கியது.

நின்றது என்று சொன்னது பிழை. நிற்கவில்லை.

இரும்புக்காரன் தொப்பியைக் கழற்றினான். சித்தப்பா அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதார். மிசியே கைதட்டினார். நாங்கள் கைதட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, வண்டி வீதி மூலையில் அழகாக இடது பக்கம் திரும்பி மறைந்துவிட்டது.

"அம்மா, பிறேக்! பிறேக்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். சித்தப்பா செருப்போடு பனிக்குள் ஓடிவந்தார். அப்பா மட்டும் சவளில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"விடடா. பெற்றோல் முடிஞ்சா நிக்கும்."

மறுநாள் அந்த அதிகாரி வந்து, வெறுமையான கராஜைப் பார்த்து, அம்மாவின் பிரெஞ்சைக் கேட்டு, கைகுலுக்கி அனுமதி தந்துவிட்டுப் போனார். ஆனால் எனக்கு அந்த ஞாயிறுதான் பெரிய விஷயம். கராஜைக் கூட்டிக் கழுவி முடித்த பிறகுதான் பிக்கப் திரும்பி வந்தது. ஆமை வேகம். யன்னல் திறந்திருந்தது. வானொலி பாடியது. வாசலில் ஓர் அங்குலம் பிசகாமல் நிறுத்திவிட்டு அம்மா இறங்கினார். கையில் கடதாசிக் கோப்பையில் பாதி கோப்பி. "கடைக் கோப்பி தண்ணி மாதிரி" என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன அம்மா.

சித்தப்பா பின்னேரம் முழுவதும் பிறேக்கைக் கழற்றிப் பூட்டினார். ஒரு பிழையும் இல்லை. எனக்கு மட்டும் குழப்பம். பிறேக் பிடிக்காத வண்டியில் போனவர் கோப்பி எப்படி வாங்கினார்? கடைக்காரன் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்து யன்னலால் நீட்டியிருக்கவேண்டும் என்று முடிவு கட்டினேன். பள்ளிக்கூடத்தில் நாலு பேருக்கு அப்படியே சொன்னேன், கடைக்காரன் சறுக்கி விழுந்ததையும் சேர்த்து. நிறுத்தத் தெரியாமல் ஓடுவது ஒன்று, நிறுத்த மனமில்லாமல் ஓடுவது…

கீழேயிருந்து அம்மா கூப்பிடுகிறார். கார்டரிப் பிள்ளைகளை ஏற்றத் தாய் தகப்பன்மார் வருகிற நேரமாம், என் வண்டி வழியை மறித்துக்கொண்டு நிற்கிறதாம்.

"டேய், வந்து எடுக்கிறியோ, இல்லாட்டி நான் எடுக்கட்டோ?"

நான் போகவேண்டும். அவர் எடுத்தால் அது எப்போது திரும்பி வருமென்று சொல்லமுடியாது.