ஆமென் சுலபமாகக் கிடைக்காத முத்தாபுதுப்பேட்டை

வெள்ளிக்கிழமை காலை

குடியாத்தம் ரயில் நிலையம் ஊரை விட்டுத் தள்ளி இருப்பதால், விடியுமுன்பே வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை போகும் காலை வண்டியில் ஆவடிக்கு டிக்கெட் அறுபத்தைந்து ரூபாய். தூரம் ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர். காட்பாடியில் கூட்டம் ஏறியது. அரக்கோணத்துக்கு மேல் நிற்கவும் இடமில்லை. தேர்தலுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. வண்டி முழுக்க அதே பேச்சு. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அரசியல் பேசித்தான் என் வாய் ஏற்கனவே ஒரு வீட்டைக் கெடுத்திருந்தது.

அதைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை எஸ்தரை முத்தாபுதுப்பேட்டையில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை தேவராஜ், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. அவர் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. போன தேர்தலில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தொடங்கிய சண்டை, அம்மாவின் அடக்க வீட்டிலேயே கைகலப்புக்குப் போகப் பார்த்தது. இரண்டு பேரும் வேதத்தை வைத்துத்தான் சண்டை போட்டோம். ஏழைக்குச் சோறு போடுகிற கட்சிதான் ஆண்டவர் பக்கம் என்பேன் நான். லஞ்சம் பாவம், இலவசம் மனுஷனைச் சோம்பேறியாக்கும், அதைத் தட்டிக் கேட்கிறவன்தான் ஆண்டவர் பக்கம் என்பார் அவர். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. இப்போது அவர் மகள் ஷீபாவுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபைக்கு அறிவிக்கும் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள். தாய்மாமன் நான் இல்லாமல் எப்படி? எஸ்தர் போனில் அழுதாள். "அண்ணா, மணவறையில நீயும் அவரும் ஆளுக்கொரு மூலைய பாத்துக்கிட்டு நின்னா என் பொண்ணு யார் மூஞ்சிய பார்ப்பா?" என்றாள். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

ஆவடியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். முத்தாபுதுப்பேட்டைக்கு இருபது ரூபாய். ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் புது அடுக்குமாடி வீடுகள், நடுநடுவே பழைய ஓட்டு வீடுகள், எல்லா மின்கம்பத்திலும் கொடி. மாப்பிள்ளை வீட்டு வாசலிலும் அவர் கட்சிக் கொடி பறந்தது. அதற்கு அடியில் குனிந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை இரவு ஷிப்ட் முடித்து வந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார். அதோடு சரி. பிறகு எஸ்தர் பக்கம் திரும்பி, "உங்க அண்ணன் நாஷ்டா துன்னாரான்னு கேளு" என்றார்.

நானும் எஸ்தரிடம், "ரயில்லயே ரெண்டு இட்லி ஆச்சுன்னு சொல்லு" என்றேன்.

"நான் இன்னா ரெண்டு பேருக்கும் நடுவுல டெலிபோனா?" என்று அவள் கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எங்கள் ஊர்ப் பெண், இருபத்தைந்து வருடத்தில் பேச்சு முழுக்க ஆவடியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்

அவர்கள் சபையில் தெருவுக்குத் தெரு ஜெபக்குழு உண்டு. தேர்தல் வரும் வாரம் மட்டும் அது தினமும் கூடுகிறது. இந்தத் தெருவின் குழு ரூபி அக்கா வீட்டில். அக்காவுக்கு ஐம்பது வயசு இருக்கும். ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் அயர்ன் போடுகிற வேலை. ஒரே அறை, பாய் விரித்து பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்தோம். எஸ்தர் சாமர்த்தியமாக என்னையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாள்.

அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. நான் வேறெங்கும் கண்டதில்லை. போன தேர்தலில் இந்தச் சபையும் எங்களைப் போலத்தான் உடைந்ததாம். ஒரு கட்சிக்காரர்கள் வலது பக்க பெஞ்சு, இன்னொரு கட்சிக்காரர்கள் இடது பக்கம். எல்லாரும் திராட்சரசம் குடிக்கும் திருவிருந்துப் பாத்திரத்தில் எதிர்க்கட்சிக்காரன் வாய் வைத்த பிறகு நான் வைக்கமாட்டேன் என்று ஒருவர் எழுந்து போய்விட்டாராம். அதைப் பார்த்துப் போதகரம்மா ஆராதனையைப் பாதியில் நிறுத்தி அழுதிருக்கிறார். அதற்கப்புறம் சபையே கூடிப் பேசி வைத்த ஏற்பாடு இது. தேர்தல் வாரத்தில் ஒவ்வொருவரும் தான் ஓட்டுப் போடாத கட்சிக்காரனுக்காக ஜெபிக்க வேண்டும். முதலில் நன்றி. அவன் செய்த ஒரு நல்லதைச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அதுவும் தன் கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும், கேள்விப்பட்டது கூடாது. ஜெபத்துக்குள் ஊசி வைத்திருந்தால் மற்றவர்கள் ஆமென் சொல்லமாட்டார்கள்.

ஒரு பெண் ஜெபித்தாள். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றபோது, தான் ஓட்டுப் போடாத கவுன்சிலர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பால் பாக்கெட் கொண்டுவந்து தன் கையில் கொடுத்ததற்காக நன்றி சொன்னாள். "ஆமென்!" என்று அறையே அதிர்ந்தது. ஆமென் என்பது வாய்ப் பழக்கமாக வருகிற வார்த்தை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

என் முறை வந்தது. இதென்ன பெரிய வித்தை என்று கண்ணை மூடினேன். "ஆண்டவரே, அந்தக் கட்சிக்காரருக்கு நீர் ஆயுசைக் கொடுத்திருக்கிறீர், நன்றி. அவர் கண்களைத் திறந்தருளும். பொய் சொல்லாமல் இருக்க அவருக்குக் கிருபை தாரும்" என்று முடித்தேன்.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு வாய்கூட அசையவில்லை. ஜெபம் பண்ணிவிட்டு ஆமென் இல்லாமல் உட்கார்ந்திருப்பது, பரிமாறிய இலைக்கு முன் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது யாரோ இலையை எடுத்துக்கொண்டு போவது மாதிரி.

அடுத்தது மாப்பிள்ளை. "ஆண்டவரே, ஓசி குடுத்துகினே ஊரைக் கெடுத்தவங்களையும் நேசிக்க எனக்குப் பெலன் தாரும்" என்றார். அதற்கும் விசிறிச் சத்தம்தான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பொய் சொல்லமாட்டேன்.

"மச்சானும் மாப்ளயும் ஒரே மார்க்கு. ரெண்டும் ஃபெயிலு" என்றார் ரூபி அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

நான் விடவில்லை. "அக்கா, தப்பு செய்யறவனை தப்புன்னு சொல்லக் கூடாதா? அநியாயத்துக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கறதா விசுவாசம்?" என்று கேட்டேன்.

"யாரு மூடச் சொன்னா? மேடைல சொல்லு. டீக்கடைல சொல்லு. அவன் மூஞ்சிக்கு நேரா போய் சொல்லு, நானும் கூட வர்றேன். கண்ண மூடிகினு ஆண்டவர்கிட்ட கோள் மூட்டாத, நைனா."

பாயைச் சுருட்டக் கை கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

சனிக்கிழமை

தாய்மாமன் சீராக ஒரு பெரிய ஸ்டீல் அண்டா வாங்கலாம் என்று பூந்தமல்லிக்குக் கிளம்பினேன். ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். எப்படியாவது சாயங்காலத்துக்குள் ஒரு நன்றியைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கம்பத்தில் பறந்த மாப்பிள்ளை கட்சிக் கொடியைக் காட்டி டிரைவரிடமே கேட்டேன். "தம்பி, இந்தக் கட்சிக்காரங்க இந்தப் பக்கம் ஏதாவது நல்லது செஞ்சிருக்காங்களா?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னா சார், காலங்காத்தால காமெடி பண்றியா? எலெக்ஷன் வந்தா ரெண்டு கையும் கூப்புவான். அந்த நேரத்துல ரெண்டு கையும் நம்ம பாக்கெட்ல இருக்காது. அது ஒரு நல்லது."

பக்கத்தில் மடியில் பூக்கூடையோடு ஒரு அம்மா, திருவேற்காடு கோயிலுக்குப் பூ கொண்டுபோகிறவர். "ஏம்பா அப்டி சொல்ற? எங்க தெருவுல கொழாத் தண்ணி அவங்கதான் உட்டாங்க. சும்மா சொல்லக் கூடாது" என்றார்.

"நீங்க பாத்தீங்களாம்மா?"

"பாக்காம? டெய்லி நான்தானே புடிக்கிறேன்!"

பிடிப்பது அவர். அது அவர் நன்றி. நான் சொன்னால் கேள்விப்பட்டதாகிவிடும். ஒரு அண்டாவை வாங்குவதைவிட ஒரு நல்லதைக் கண்ணால் காண்பது இவ்வளவு கஷ்டமா என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். அப்போது இன்னொன்றும் தோன்றியது. இத்தனை வருடம் அந்தக் கட்சியைப் பற்றி நான் பேசிய கெட்டதில் எத்தனையைக் கண்ணால் கண்டேன்?

பூந்தமல்லிக் கடைவீதியில் அண்டா வாங்கிக்கொண்டு ஆவடிக்குத் திரும்பினேன். அங்கிருந்து முத்தாபுதுப்பேட்டை ஷேர் ஆட்டோக்காரர் அண்டாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பெர்சு, அதுக்கும் ஒரு சீட்டு காசு குடு." நாற்பது ரூபாய் கொடுத்து, அண்டாவை மடியில் வைத்துக்கொண்டேன். என் முகமே வெளியே தெரியவில்லை.

முத்தாபுதுப்பேட்டைக்குள் நுழைந்ததும் ஆட்டோ நின்றுவிட்டது. எதிரே மாப்பிள்ளை கட்சியின் பிரசார வண்டி, ஒலிபெருக்கியில் காது கிழிகிற பாட்டு. முன்னால் கட்சித் துண்டு போட்ட பையன்கள் ஆடிக்கொண்டு வந்தார்கள். வண்டியில் தொற்றிக்கொண்டு நின்றவர் நம் மாப்பிள்ளைதான். திரும்பிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அண்டா இருந்ததால் அவசியம் வரவில்லை. அதன் ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தில் ஒரு வீட்டு முன்னால் பந்தல் போட்டு, நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சாவு வீடு. வாசல் கம்பத்தில் பறந்தது என் கட்சிக் கொடி.

மாப்பிள்ளை சட்டென்று கீழே குதித்தார். ஓடிப்போய் டிரைவர் பக்கம் கையை விட்டுப் பாட்டை நிறுத்தினார்.

"அண்ணாத்தே, இன்னாத்துக்கு நிறுத்துன?" என்றான் ஒரு பையன்.

"சாவு ஊடுடா. கண்ணு தெரில?"

"அது அவனுங்க ஊடு! போன தபா நம்ம போஸ்டர கிழிச்சவன் ஊடு!"

"சாவு ஊட்டுல இன்னாடா அவனுங்க ஊடு, நம்ம ஊடு? வண்டிய பின்னால எட்றா. அந்தத் தெரு வழியா சுத்திகினு போங்க. மெயின் ரோடு போற வரிக்கும் சவுண்டு வரக் கூடாது."

பையன்கள் முனகிக்கொண்டே போனார்கள். மாப்பிள்ளை போகவில்லை. தோளிலிருந்த கட்சித் துண்டை எடுத்தார். மடித்தார். சட்டைக்குள் செருகி மறைத்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தலையைக் குனிந்து அந்தக் கொடிக்கு அடியில் உள்ளே போனார். உள்ளேயிருந்து ஒருவர் எழுந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது வரைக்கும் பார்த்தேன். ஆட்டோ கிளம்பிவிட்டது.

அண்டாவின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு வந்தேன். கண்ணிலிருந்து விழுந்தது உள்ளே டொக்கென்று சத்தம் போட்டது.

சனிக்கிழமை சாயங்காலம்

அதே அறை, அதே பாய். மாப்பிள்ளை வேலையெல்லாம் முடித்துக் கடைசியாக வந்து, இருந்த ஒரே இடமான என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் முறை வந்தது.

"ஆண்டவரே," என்றேன். "இன்று நான் கண்ணால் கண்டேன். நான் ஓட்டுப் போடாத கட்சிக்காரர் ஒருவர், எங்கள் கட்சிக்காரர் வீட்டில் சாவு என்று பாட்டை நிறுத்தினார். துண்டை மறைத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்களாக இருந்தால் நிறுத்தியிருப்போமா என்று எனக்குத் தெரியாது. அவருக்காக உமக்கு நன்றி. அவரை எங்கள் குடும்பத்தில் கொடுத்ததற்காகவும் நன்றி. அவர் கை காலுக்குச் சுகம் தாரும்."

ஆமென்னுக்காகக் காத்திருந்தேன். அதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மச்சான், நீங்க எங்க இருந்தீங்க?"

கண்ணைத் திறந்தேன். மாப்பிள்ளையும் திறந்திருந்தார். அம்மாவின் அடக்கத்துக்கு அப்புறம் அவர் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

"ஆட்டோவுல, மாப்ள."

"எந்த ஆட்டோ? நான் யாரையும் பாக்கலயே. ஒரு அண்டாதான் போச்சு..." என்றவர் நிறுத்தினார். "அண்டாவுக்குப் பின்னால நீங்களா?"

எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷீபாதான் முதலில் சிரித்தாள். பிறகு அறை முழுக்கச் சிரிப்பு. எஸ்தர் மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஜெபத்துல கண்ண தொறந்தவங்க ரெண்டு பேரும் மூடுங்க, இன்னும் முடியல" என்று அதட்டிவிட்டு ரூபி அக்கா ஆமென் என்றார். அத்தனை பேரும் சொன்னார்கள். மாப்பிள்ளையின் ஆமென் கொஞ்சம் பிந்தி, தனியாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை

போதகரம்மா ஓலை வாசித்தார். சபையில் வலது பக்கம், இடது பக்கம் எல்லாம் கலந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். யார் எந்தக் கட்சி என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. ஷீபாவின் பெயர் வந்தபோது மாப்பிள்ளை என் முழங்காலில் கை வைத்தார். எடுக்கவில்லை.

திங்கட்கிழமை

மாப்பிள்ளை தன் பைக்கிலேயே ஆவடி நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் அரசியல்தான். இலவசம் தப்பு என்று அவர், பசித்தவனிடம் தப்பு சரி பேசாதே என்று நான். காற்றில் கேட்காததால் இரண்டு பேரும் கத்தினோம். சிக்னலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் ஓட்டு மாறவில்லை. அவர் ஓட்டும் மாறவில்லை. மாற வேண்டும் என்று அந்தத் தெருவில் யாரும் கேட்கவும் இல்லை. "கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்துடுங்க மச்சான், மீதி சண்டைய அப்ப வச்சிக்கலாம்" என்று சொல்லி, வண்டி கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வண்டியில் எங்கள் குடியாத்தம் சபையை நினைத்துக்கொண்டேன். எங்கள் சபை இதைவிடப் பழையது, கோபுரம் உயரம், பாட்டுக்குழு பெரியது. ஆமென் நிறையச் சொல்வோம். போன தேர்தலிலிருந்து அங்கேயும் ஒருவர் என்னிடம் பேசுவதில்லை. தையற்கடை பாக்கியநாதன். ஒரே தெருவில் இருபது வருடம். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் காட்பாடி வரைக்கும் யோசித்துப் பார்த்தேன். எல்லாமே கேள்விப்பட்டது.

குடியாத்தத்தில் இறங்கி ஊருக்குள் வந்து சேர்ந்தேன். வீட்டுக்குக் குறுக்கு வழி இருக்கிறது. அதில் போகவில்லை. தையற்கடை இருக்கும் பக்கமாக, கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு நடந்தேன்.