வண்டியை நிறுத்தச் சொன்னவர்

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் உள்ள ஒரு பள்ளிக்கு, இயற்பியல் மென்பொருளை நிறுவப் போயிருந்தேன். அங்கே இயற்பியல் ஆசிரியரிடம் நான் கண்டவை மூன்று: கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பளபளவென்று மழித்த முகம், வேறு யாரும் தொடக்கூடாத மவுஸ். திரையில் விசையைக் காட்டும் அம்புக்குறிகளைப் பிள்ளைகள்தான் நகர்த்திப் பார்க்க வேண்டும்; அவரே நகர்த்துவார். பாடம் முடிந்ததும் மவுஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

திரையில் ஒரு வண்டி. இருபுறமும் சமமான விசை. "சமநிலைன்னா நிக்கிறது. எழுதிக்கோங்க," என்றார்.

ஒரு மாணவி பரீட்சைத் தாளுடன் எழுந்தாள். "சார், ஓடுற வண்டிய ரெண்டு பக்கமும் சமமா இழுத்தா நிக்காதுன்னு எழுதுனேன். முட்டை போட்டுட்டீங்களே."

"ஏளா, நிக்காம கொழும்புக்கா போவும்?"

வகுப்பு சிரித்தது. நான் மவுஸைக் கேட்டு வாங்கினேன். உராய்வைப் பூஜ்யமாக்கி, வண்டியை ஓடவிட்டு, இருபுறமும் சமமான விசை கொடுத்தேன். வேகம் மாறாமல் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"போவுது சார்!" என்று அவள் தாளை நீட்டினாள்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. மவுஸைத் திரும்ப வாங்கிக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "மேடம், சமமானதும் நிக்கிற மாதிரி மாத்தித் தாங்க. பிள்ளைகள் கொழம்புதுக."

"அது முடியாது சார். நீங்க அவ மார்க்க மாத்துங்க."

"போட்ட மார்க்க எப்படி மேடம் மாத்த முடியும்?" என்றார்.

அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே திகைத்துப்போயிருந்தார். அந்தத் திகைப்பைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.