குற்றாலத்தில் எங்கள் அலுவலக வைஃபை

சீசன் முடிந்து, கூட்டம் வடிந்த பிறகு குற்றாலம் போனேன். குளிக்க அல்ல. வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணினிப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே மெர்சி என்ற விரிவுரையாளரின் கணக்கிலிருந்து சில மாணவர்களின் மதிப்பெண்கள் மாற்றப்பட்டிருந்தன. கடவுச்சொல்லுக்கு உரியவரே முழுப் பொறுப்பு என்பது எங்கள் விதி. திங்கட்கிழமை நான் அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் அவருக்கு வேலை போய்விடும்.

"பாஸ்வேர்ட யாருக்கும் சொல்லல சார். சீசன்ல குத்தாலம் போனப்ப லாட்ஜ்ல ஒரே ஒரு தடவ ஆபீஸ் மெயில் பாத்தேன், அவ்வளவுதான்" என்று மெர்சி அழுதார். அந்த லாட்ஜில் எங்கள் ஊழியர்களுக்குச் சலுகை உண்டு. வருடா வருடம் பாதிப் பேர் அங்கேதான் தங்குவார்கள். லாட்ஜ் என்ற அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

காலையில் திருநெல்வேலியில் இறங்கி பஸ் பிடித்தால் தென்காசிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். டவுன் பஸ் அடிக்கடி உண்டு. மழை வலுத்ததால் நான் ஆட்டோவில் போனேன், இருநூறு ரூபாய்.

"தனியாவா வாறிய? சீசன் முடிஞ்சிட்டே சார்" என்றார் ஓட்டுநர். "இங்கன இப்ப பகல்லயே ஆள் நடமாட்டம் இருக்காது. பொழுது சாயுறதுக்குள்ள கெளம்பிருங்க."

அவர் சொன்னது சரிதான். சிப்ஸ் கடைகள் தார்ப்பாய்க்குள் கிடந்தன. அருவிச் சத்தம் மட்டும் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வந்தது. லாட்ஜில் நான் ஒருவன்தான். சாவியை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். வைஃபை தானாகவே இணைந்திருந்தது. திரையில் இருந்தது எங்கள் பல்கலைக்கழக ஊழியர் வைஃபையின் பெயர்.

எங்கள் வளாகம் எங்கே, இந்த மலையடிவாரம் எங்கே! அதே பெயர், அதே கடவுச்சொல் இருந்தால்தான் போன் இப்படி ஏமாறும். நடைவழியில் எல்லா அறைகளும் பூட்டிக் கிடந்தன. கடைசியில், கூரையை ஒட்டி, ஒரு சின்ன வைஃபை பெட்டியில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. போனில் எங்கள் சின்னத்தோடு ஒரு பக்கம் திறந்து, பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது. மெர்சி இதில்தான் தட்டியிருப்பார். அதன் அடியில் ஞாயிற்றுக்கிழமை சர்வர் பராமரிப்பு பற்றிய அறிவிப்பு. அதை நான் முந்தின நாள்தான் எழுதினேன், இன்னும் வெளியிடவில்லை. எங்கள் துறையில் என்னைத் தவிர மூன்று பேருக்கு மட்டுமே அது தெரியும்.

கீழே ஓடிப் போய் லாட்ஜ்கார அண்ணாச்சியிடம் அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? ஒங்க ஆபீஸ்காரவதான் மாட்டிட்டுப் போனாவ. ஸ்டாஃபுக்கு ஃப்ரீன்னு சொன்னாவளே" என்றார் அவர். "ஏன், ஒங்களுக்குத் தெரியாதா?"

"யார் வந்தது? ஆள் எப்படி இருந்தார்?"

"தொப்பி, மாஸ்க்கு. மழைல வந்த ஆளு. மொகத்த யாரு பாத்தா?"

இப்படி எது நடந்தாலும் முதலில் எங்கள் துறைத் தலைவருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் எங்கள் விதிதான். அவர் எண்ணை எடுத்துவிட்டேன். அவரும் அந்த மூன்று பேரில் ஒருவர் என்பது அப்போதுதான் உறைத்தது. பெட்டியைத் தொடாமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு, அதே ஆட்டோவை வரவழைத்துத் தென்காசி சைபர் கிரைம் போலீசுக்குப் போனேன்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா சார்?" என்று எஸ்.ஐ. கேட்டுக்கொண்டிருந்தபோது துறைத் தலைவரிடமிருந்து அழைப்பு வந்தது. காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று அன்பாக விசாரித்தார். சரியாகிவிட்டது என்றேன்.

"நல்லது. குத்தாலத்து மழைல ரொம்ப நனையாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் குற்றாலம் வந்தது மனைவிக்குக்கூடத் தெரியாது. அவர் பெயரைப் புகாரில் எழுதினேன்.

திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போடவில்லை. மெர்சி இப்போது வகுப்பெடுக்கிறார், வழக்கு நடக்கிறது. நீங்கள் குற்றாலம் போவதாக இருந்தால் குடை எடுத்துக்கொள்ளுங்கள், மழையில் படிகள் வழுக்கும். போனில் வைஃபை தானாக இணைவதை நிறுத்திவையுங்கள். முக்கியமாக, செட்டிங்ஸில் போனுக்கு உங்கள் சொந்தப் பெயரை வைக்காதீர்கள்; வைஃபையில் இணைந்ததும் அதை நடத்துபவருக்கு அந்தப் பெயர் தெரியும். நான் வைத்திருந்தேன். லாட்ஜ் படியில் என் போன் அதிர்ந்த அந்த நொடியிலேயே, எங்கோ தொலைவில் துறைத் தலைவரின் திரையில் என் பெயர் தெரிந்திருக்கிறது.