பதினைந்தாம் முளை

வஹிதாவுக்கு எதன்மேல் பொறாமை இல்லை என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். பக்கத்து மேஜைக்கு ஃபேன் காற்று கூடுதலாக வந்தாலே அவளுக்குக் கண்ணை உறுத்தும். ஆனால் வேலையில் படு கெட்டி. தருமபுரியில் நிலத்தடி நீர் பார்க்கும் எங்கள் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட், அவள் கிராஃப் வரைபவள்.

ஓர் ஊரில் போர் போடுவதற்கு முன்னால் நேர்கோட்டில் இருபது முளை அடிப்பார்கள். ஒன்றாம் முளையிலிருந்து இரும்புக் கம்பி நட்டு, மண்ணுக்குள் கரண்ட் விட்டு, மின்தடையை அளந்துகொண்டே போவார்கள். அதே முளைகளில் காந்தத்தையும் அளக்க வேண்டும்; ஆனால் கம்பி கிட்டே இருந்தால் காந்த மீட்டர் தடுமாறும். அதனால் கம்பிகளையெல்லாம் பிடுங்கி ஜீப்பில் போட்டுவிட்டு, திரும்பி வரும்போதுதான் அதைப் படிப்பார்கள். காந்தக் கணக்கு எப்போதும் இருபதில் ஆரம்பித்து ஒன்றில் முடியும். வஹிதா அதைத் தலைகீழாக்கி, ஒரே தாளில் மின்தடைக்குச் சிவப்பு மையில் ஒரு கோடும் காந்தத்துக்குப் பச்சை மையில் ஒரு கோடும் வரைவாள். இரண்டு கோடும் ஒரே முளையில் பள்ளம் விழுந்தால் அடியில் பாறை வெடித்திருக்கிறது, தண்ணீர் கிடைக்கும். பத்து வருஷமாக அவள் விரல் வைத்த இடத்தில்தான் இன்ஜினியர் போர் போட்டார்.

எண்பத்தேழில் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே மெட்ராஸில் பயிற்சி முடித்த சகாயமேரியும் வந்தாள். மனிதர்கள் வேர்த்து வழிய, மெஷினுக்குத் தனி அறை, ஏசி. செருப்பைக் கழற்றாமல் உள்ளே போகக்கூடாது. மேரி எண்களைத் தட்டினால் இரண்டு கோடும் திரையில் ஓடி வரும். வஹிதா ஒரு பகல் முழுக்க வரைவதை அது டீ ஆறுவதற்குள் முடித்துவிடும். இன்ஜினியர் அந்தத் திரையைப் பார்த்துச் சிரித்தார். தன் தாளைப் பார்த்து அவர் ஒருநாளும் சிரித்ததில்லை என்று வஹிதா என்னிடம் பொருமினாள்.

"செருப்பக் கழட்டிட்டுப் போறதுக்கு அது என்னங்க, தர்காவா?"

"வஹிதாக்கா, ஒருக்கா வந்து பாருங்களேன்" என்று மேரி எத்தனையோ முறை கூப்பிட்டாள். இவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அந்தக் கோடையில் பென்னாகரம் பக்கம், கொட்டாய் என்று சொல்லும் ஒரு சின்னக் குடியிருப்புக்குப் போர் போடும் உத்தரவு வந்தது. அங்கே மின்தடைக் கோடு ஆறு, பதினைந்து என்று இரண்டு முளையிலும் பள்ளம் விழுந்தது; எது என்று காந்தக் கோடுதான் சொல்ல வேண்டும். மேரி வரைந்த படத்தில் ஆறாம் முளையில் தண்ணீர். அதே எண்களை வைத்து வஹிதா வரைந்ததில் பதினைந்தாம் முளை. மேரி ஊருக்குப் போக மொரப்பூரில் ரயில் ஏறும்வரை காத்திருந்துவிட்டு, வஹிதா தாளோடு இன்ஜினியர் முன்னால் போய் நின்றாள்.

"காந்த ரீடிங்க திருப்பாமயே மெஷின்ல ஏத்தியிருக்காங்க சார். பத்து வருசமா நான் திருப்பிதானுங்க போடறேன்."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இன்ஜினியர் பதினைந்துக்கு ஒப்புக்கொண்டார்.

துளை போடும் ரிக் வண்டி வந்த அன்று நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். ஊரிலிருந்து திரும்பியிருந்த மேரியும் வந்தாள். கொட்டாய்ப் பெண்கள் விடிந்ததிலிருந்து குடத்தோடு நின்றிருந்தார்கள். பதினைந்தாம் முளையில் குழாய் இறங்க இறங்க வெள்ளைத் தூசிதான் கிளம்பியது. மதியம்வரை தூசியேதான். நின்றவர்கள் தலையெல்லாம் நரைத்துப்போனது.

அளக்கப் போகும்போது கேபிள் சுமந்து ரீடிங் எழுதும் மாதையன் தயங்கித் தயங்கி வஹிதாவிடம் வந்தான்.

"மேடம், காந்த ரீடிங்க இந்த வாட்டி நானே ஒண்ணுலேர்ந்து வரிசையா மாத்தி எழுதிட்டனுங்க. மெசினுக்கு அப்பிடித்தான் வேணுமின்னு மேரியம்மா சொன்னாங்க. ஓரத்துல மொள நம்பரும் போட்டிருந்தனுங்களே?"

போட்டுத்தான் இருந்தான். மெஷின் தப்பு செய்திருக்க வேண்டும் என்ற ஆசையில் வஹிதா அந்த ஓரத்தைப் பார்க்கவே இல்லை. நேராக இருந்ததைத் திருப்பிவிட்டாள்.

இன்ஜினியர் மேரியைக் கூப்பிட்டு, "ஆறாவது எதும்மா?" என்று மட்டும் கேட்டார். ரிக் வண்டி ஆறாம் முளைக்கு நகர்ந்தது. வஹிதா என் பக்கத்தில் நின்று முந்தானையைக் கசக்கிக்கொண்டே முணுமுணுத்தாள்.

"இங்கயும் வரக்கூடாது."

எதிரே அத்தனை காலிக் குடங்கள். சொன்ன பிறகு அவளுக்கும் அந்தக் குடங்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெயில் தாழும் நேரத்தில் தண்ணீர் பீறிட்டது. ஜனங்கள் கூச்சல் போட்டுக்கொண்டு நனைந்தார்கள். கோவிந்தம்மாள் என்ற பெண் முதல் செம்புத் தண்ணீரைப் பிடித்து நேராக வஹிதாவிடம் கொண்டுவந்து நீட்டினாள். அக்கம்பக்கத்து ஊர்களில் போர் என்றால் வஹிதா பெயர்தான் அவர்களுக்குத் தெரியும்.

"நீங்க குறிச்ச எடமுங்க. மொதல்ல நீங்க வாய் நனைங்க."

வஹிதா செம்பை வாங்கினாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். எனக்கு அவளைத் தெரியும், குடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"நான் குறிச்சது அங்க தூசியாப் போச்சு. இது அந்தப் பொண்ணு குறிச்சது" என்று மேரியிடம் நீட்டினாள். மேரி அண்ணாந்து குடித்தாள். கடைசி மடக்குவரை வஹிதா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றேன், ஜீப்பில் வரும்போது.

"மனசு மண்ணாங்கட்டி. அவ குடிச்சது எனக்கு இன்னும் வயிறு எரியுது."

மறுநாள் கம்ப்யூட்டர் அறை வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. உள்ளேயிருந்து வஹிதாவின் குரல் கேட்டது.

"கோடு ஏம்மா இவ்ளோ மெல்லிசா வருது? நான் போட்டா இதவிட அழகா இருக்கும்."