அம்மாவின் பிரேக் டிரம் உலை

கொட்டாங்கச்சி கரியாகும்போது மூக்கில் ஏறும் காட்டமும், அதற்கு மேல் ஓயாமல் கத்தும் ஹேர் டிரையரின் இரைச்சலும்தான் என் ஏழாம் வகுப்புக் கோடை விடுமுறை. சிங்கப்பெருமாள் கோயிலில், எங்கள் வாடகை வீட்டுக் கொல்லையில், அம்மா இரும்பு காய்ச்ச உலை மூட்டியிருந்தாள்.

அம்மா ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆண்டுத் தேர்வு முடிந்ததும், இனி வர வேண்டாம் என்று காரணம் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள். அவள் அழவில்லை. அலமாரியை மாற்றி மாற்றி அடுக்கினாள். துவைத்த போர்வையை மறுபடி துவைத்தாள். சாப்பாட்டின் நடுவில் எழுந்துபோய் ஜன்னல் கொக்கியைத் திருகினாள். கொக்கி உடைந்து கையோடு வந்தது. கடையில் வாங்கியவை எதுவும் பொருந்தாமல் போகவே, நாமே செய்தால் என்ன என்று கேட்டாள். நானும் அப்பாவும் சிரித்தோம்.

ஜி.எஸ்.டி. ரோட்டுப் பழைய இரும்புக் கடைக்காரர், "இன்னா டீச்சர், பிரேக் டிரம்ம எட்துக்கினு போய் இன்னா பண்ணப் போறீங்க?" என்றார்.

"அடுப்பு."

டிரம்முக்கு அடியில் ஓட்டையிட்டு, பழைய தண்ணீர்க் குழாயைச் செருகி, காற்று ஊத அதன் மறுமுனையில் ஹேர் டிரையரைக் கட்டினாள். லாரி ஆக்சில் துண்டொன்றை வாளியில் சிமெண்டு ஊற்றி நட்டுப் பட்டறைக்கல் ஆக்கினாள். நெருப்பில் பழுத்த கம்பியைப் பிடிக்கத்தான் வழியில்லை. நீளமான இடுக்கி வேண்டும். அதை அடித்துச் செய்யவும் ஓர் இடுக்கி வேண்டும். எனவே சமையலறைக் குறட்டின் இரண்டு கைகளிலும் குழாய்த் துண்டுகளை மாட்டி நீட்டிக்கொண்டாள். ஒவ்வொரு அடிக்கும் குழாய் கழன்றது. கழன்றதை மாட்டுவாள், அடிப்பாள், நெருப்பைக் கிளறுவாள், எழுந்து இரண்டு நடை நடந்துவிட்டு மறுபடி உட்காருவாள். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

ஒரு மாலை, பழுத்த ஸ்பிரிங் துண்டைப் பதப்படுத்த மெக்கானிக் கடையில் வாங்கிய பழைய எண்ணெய் டின்னில் தோய்த்தாள். பாதிதான் முழுகியது, டின்னின் வாயிலிருந்து தீ ஆள் உயரத்துக்கு எழும்பி, மேலே கொடியில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் பட்டுக்கரை வேட்டியைப் பிடித்துக்கொண்டது. நான் அலறினேன். அம்மா மண்ணை வாரி வாரிக் கொட்டி அணைத்தாள். அவளுடைய ஒரு புருவம் காணாமல் போயிருந்தது.

அப்பா கோயில் அலுவலகத்தில் குமாஸ்தா. மறுநாள் கருட சேவைக்காக அவர் எடுத்துவைத்திருந்த வேட்டி அது. வந்தவர் கருகிய கரையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பிள்ள மேல பட்டிருந்தா?"

அம்மா டின்னைச் சுற்றிச் சிதறிய மண்ணைக் கூட்டினாள்.

"இதோட வுட்டுடு."

"இதையும் வுட்டுட்டு நான் இன்னாங்க பண்றது?" என்றாள் அம்மா. வேலை போனதற்காக அவள் அழுதது அப்போதுதான்.

அப்பா உள்ளே போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் காலை, சாயம்போன பழைய வேட்டியோடு கொல்லையில் நின்று, துணிக்கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் இழுத்துக் கட்டினார். டின்னுக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்தார். "டின்னு ஆழம் பத்தாது. பெருசா பாரு" என்றவர், என்னிடம் உலைப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டுச் சேவைக்குக் கிளம்பினார்.

விடுமுறை முடிவதற்குள் அம்மா இடுக்கியும் செய்தாள், கொக்கியும் செய்தாள். கொக்கி கோணல்தான், ஆனாலும் ஜன்னலைச் சாத்த முடிந்தது. பள்ளிக்கூடங்கள் திறந்தபோது மறைமலைநகரில் வேறொரு பள்ளி அவளைச் சேர்த்துக்கொண்டது. புருவம் முழுதாக வளராமலேயே வேலைக்குப் போனாள்.

அந்தக் கொல்லையில் இப்போது மூன்று மாடிக் கட்டடம். இரும்புக் கடை இருந்த இடம் சாலையை அகலப்படுத்தியதில் போய்விட்டது. அப்பாவும் போய்விட்டார். அம்மா சிறுசேரியில் என்னோடு ஏழாவது மாடியில் இருக்கிறாள். நேற்று மாலை, எதிரே எழும்பும் கட்டடத்தில் வெல்டிங் பொறி சிதறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், காபியை ஆறவிட்டு, பால்கனித் தரையைக் குதிகாலால் இரண்டு முறை தட்டினாள்.

"இது எவ்ளோ வெயிட் தாங்கும்?" என்றாள்.