நாற்பத்தொன்றாம் தீர்ப்பு

வாப்பாவின் கூட்டாளிகள் இருவரும் ஞாயிறு நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சஃபீனா மூன்றுக்கே சயன் ஸ்டேஷனில் இறங்கிவிட்டாள். தாராவிக்குள் போய், வாப்பாவின் பட்டறைத் தெருவை இரண்டு தடவை தாண்டி நடந்தாள். தோள்பையில் வாப்பாவின் நோட்டும் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகமும் இருந்தன. வாப்பா இறந்து நாற்பத்தாறு நாள்.

வாப்பா சலாவுதீன் மேலப்பாளையத்துக்காரர். தோல்பை தைப்பவர். 1988இல் லண்டனிலிருந்து மாதிரிக்கு ஒரு பை வந்தது. வடிவம் கெடாமலிருக்க உள்ளே காகிதம் திணித்திருந்தார்கள். காகிதத்தோடு இந்த மெல்லிய புத்தகமும் இருந்தது. அதே போல் இருநூறு பை தைத்து அனுப்பினார். புத்தகத்தை அனுப்பவில்லை. அகராதியும் கையுமாக ஏழு மாதம் படித்தார்.

அது ஒரு விளையாட்டின் விதிப்புத்தகம். சீட்டு கிடையாது, காய் கிடையாது. ஆடுகிற ஒவ்வொருவருக்கும் காகிதத்தில் ஒரு ஆள். அவன் பலம், காயம், ஆயுதம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். நடுவர் ஒரு குகையைச் சொல்வார், ஒரு பூதத்தைச் சொல்வார், என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பார். இருபது முகப் பகடை வேண்டும் என்றது புத்தகம். தாராவியில் அதற்கு எங்கே போக? இருபது சட்டைப் பொத்தான்களில் எண் எழுதித் தோல் சுருக்குப்பையில் போட்டார் சலாவுதீன்.

ஆட வந்தவர்கள் இருவர். மளிகைக்கடை காசிராஜன், ஜிப்பும் பக்கிளும் விற்கும் தப்ரேஸ். முப்பத்தாறு வருஷமாக அதே இருவர், அதே இரண்டு காகித ஆட்கள்.

புத்தகம் ஒரு பக்கத்தில் சொன்னதை இன்னொரு பக்கத்தில் மறுத்தது. சண்டை வரும். சலாவுதீன் ஊசியில் நூல் கோக்க ஆரம்பிப்பார். கோத்து முடிக்கும்வரை இருவரும் கத்தலாம். முடித்ததும் தீர்ப்பு. ஆர்டர் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி எண் போடுவார். மொத்தம் அறுபத்துமூன்று.

சஃபீனாவுக்கு ஐரோலியில் சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலை. அறுபத்துமூன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொன்றையும் மற்றதோடு ஒப்பிட்டாள். எதுவும் மோதவில்லை, கடைசி ஒன்றைத் தவிர.

ஆட வராதவனின் ஆளை என்ன செய்வது? மற்றவர்களோடு போவான், அடியும் படலாம் என்றது ஒன்பதாம் பக்கம். அன்று அவன் இல்லவே இல்லை என்றது இருபத்தாறாம் பக்கம். நாற்பத்தொன்றாம் தீர்ப்பு 1993 பிப்ரவரியில் எழுதியது. 'வராதவனின் ஆள் வாசலில் காவல் நிற்பான். வாசலில் நிற்பவனுக்கு எதுவும் நேராது. ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது.' அதற்கு முந்தைய மாதம் பம்பாயில் கலவரம், ஊரடங்கு. ஆட்டம் மறுபடி தொடங்கிய ஞாயிறும் காசிராஜனால் தெருவைத் தாண்டி வர முடியவில்லை.

அறுபத்துமூன்று: 'வாசல் இடிந்தது. காவல் நின்றவன் செத்தான்.' அதை எழுதிய ஞாயிறு காசிராஜன் நெருளில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார்.

அதற்கடுத்த செவ்வாய் காலை சலாவுதீன் தையல் மிஷின் மேல் சாய்ந்தார். மூளையில் அடைப்பு. "ரெண்டு மூணு நாளா பேச்சுல குழப்பம் ஏதாவது இருந்துச்சா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். இல்லை என்றாள் சஃபீனா.

இருந்தது. அந்த ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வாப்பா போன் செய்து, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். ஞாயிறன்றும் அவள் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். கேலி என்று நினைத்துச் சிரித்தாள். அப்புறம் கூப்பிட்டபோது நன்றாகவே பேசினார். ஆபீஸில், இரண்டாம் தடவை வராத பிழையை மூடிவிடுவார்கள். அவளும் மூடிவிட்டாள்.

கடைசித் தீர்ப்பு சரியென்றால் வாப்பா அன்று தெளிவாக இருந்தார். தவறென்றால், அவரைக் காப்பாற்ற இரண்டு நாள் கையில் இருந்திருக்கிறது. நான்கு நாளாக அவள் தேடியது அந்தத் தீர்ப்பைச் சரியாக்க ஒரு வழி. கிடைத்தும் விட்டது.

பட்டறை மாடிக்கு ஏணியில் ஏறும்போதே சத்தம் கேட்டது.

"வா பிள்ள. நீ படிச்சவ, நீயே சொல்லு," என்றார் காசிராஜன். "என் ஆளு இருக்கானா, செத்தானா?"

"நடுவர் சொல்லியாச்சுல்லா, கதம், முடிஞ்சுது," என்றார் தப்ரேஸ். "இத்தன வருசம் அவன் சொன்னதுதான் சட்டம். இப்ப மட்டும் என்னவாம்?"

"நான் நெருள்ல ஜிலேபி தின்னுக்கிட்டிருக்கேன், இங்க என்னையக் கொன்னுட்டானுவ! ஏல தப்ரேசு, நாப்பத்தொண்ணு இருக்கேன்னு நீ ஒரு வார்த்த கேட்டியால?"

தப்ரேஸ் பொத்தான் பையை உருட்டிக்கொண்டிருந்தார்.

சஃபீனா நோட்டை எடுத்தாள். "வாசல் இடிஞ்சுட்டா அது வாசலே இல்ல மாமா. அப்ப நாப்பத்தொண்ணு அங்க பொருந்தாது. வாப்பா சொன்னது சரிதான்."

"சபாஷ்! கேட்டியால காசி?" என்றார் தப்ரேஸ். சட்டென்று சொன்னார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சஃபீனா நோட்டை மூடினாள், மறுபடி திறந்தாள். "சாச்சா, அன்னைக்கு வாப்பா உங்ககிட்ட கிழமை கேட்டாங்களா?"

பை உருள்வது நின்றது.

"கிழம கேக்கல. காசி எங்கன்னு கேட்டான். சொன்னேன். திரும்பக் கேட்டான். மூணு தடவ. மஸ்தி பண்ணுதான், விளையாடுதான்னு நெனச்சேன் பேட்டா. அப்புறம் வாசல இடிச்சான். நான் சிரிச்சேன்." அவர் குரல் இறங்கியது. "அந்தத் தீர்ப்பு சரியாவே இருந்துட்டுப் போகட்டும்."

"எங்கிட்ட கிழமை கேட்டாங்க சாச்சா. நானும் சிரிச்சேன்."

கீழே யாரோ தோலை அடிக்கிற சத்தம். காசிராஜன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் ஆளின் காகிதத்தை மேசையில் வைத்தார். மடிப்பில் எல்லாம் டேப் ஒட்டிய காகிதம்.

"விடுங்க. செத்தவன் செத்ததாவே இருக்கட்டும். ஒரு காயிதம்தான?"

சஃபீனாவால் உட்கார முடியவில்லை. ஜன்னல்வரை போய்த் திரும்பினாள். நின்றபடியே நோட்டில் எழுதினாள்.

'64. அறுபத்துமூன்றாம் தீர்ப்பு தவறு. எழுதியவருக்கு அன்று உடம்பு சரியில்லை. கூட இருந்தவர்கள் கவனிக்கவில்லை. நாற்பத்தொன்று செல்லும்.'

வாசித்துக் காட்டினாள். காகிதத்தைக் காசிராஜன் பக்கம் தள்ளினாள். தப்ரேஸ் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டவில்லை.

காசிராஜன் காகிதத்தை எடுத்து மடிப்பை நீவினார்.

"அப்ப நான் வாசல்லதான நிக்கேன்?"

"ஆமா மாமா."

"எம்புட்டு நேரம் நிக்க? உள்ள கூப்பிடு."

அடுத்து நடுவர் என்ன சொல்ல வேண்டும் என்று சஃபீனாவுக்குத் தெரியவில்லை. விதிப்புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள்.